ஐக்கியத்தில் யார் யாரைப் பார்த்து "பொறுமையாயிருங்கள்" என்று சொல்லலாம்?

கொருக்குப்பேட்டை சிஸ்டர் | வெள்ளி, காலை 6.40

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். பழைய இழைகளில் தேடிப் பார்த்தேன். பொறுமையைப் பற்றிப் பிரசங்கக் குறிப்புகள் நிறைய இருக்கின்றன, எனக்கு வேண்டியது அதில் இல்லை. அதனால் புதிதாகத் தொடங்குகிறேன்.

எங்கள் பக்கத்தில் வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு வீட்டுக் கூட்டம் நடக்கிறது. பதினைந்து பேர் வந்தால் ஹால் நிறைந்துவிடும். அதில் பாட்டு நடத்துகிற பிரதர் ஒருவர் சீட்டும் நடத்தினார். பதிவு கிதிவு எதுவும் கிடையாது, நோட்டில் எழுதி வைக்கிற சீட்டு. மாதம் 3,000, இருபது மாதம். கட்டியவர்களில் பாதிப் பேர் ஐக்கியத்து ஆட்கள், அதாவது இந்தக் கூட்டத்துக்கு வருகிறவர்கள். இட்லி மாவு அரைத்து விற்கிற ஒரு சகோதரி, பெண்ணின் காலேஜ் ஃபீஸுக்கு ஆகும் என்று ஏலமே கேட்காமல் கடைசி வரைக்கும் கட்டினார். சீட்டு முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பணம் கைக்கு வரவில்லை.

கேட்டால் அவர் சண்டைக்கு வருவதில்லை. அதுதான் கஷ்டம். சிரித்த முகத்தோடு, "சிஸ்டர், பொறுமை ஆவியின் கனி. கர்த்தர் வாசலைத் திறப்பார்" என்கிறார். கூட்டத்துக்கு வருகிற போதகரும், "ஐக்கியம் உடைந்துவிடக் கூடாது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார். போன வாரம் அந்தச் சகோதரி ஜெபக்குறிப்பு கேட்டபோது "பணத் தேவை" என்று மட்டும் சொன்னார். அதற்காக ஜெபிக்க எழுந்தவர் யார் தெரியுமா? அதே பிரதர். கண்ணீரோடு ஜெபித்தார்! ஹாலில் யாருக்கும் நிமிர்ந்து பார்க்க முகமில்லை.

நீடிய பொறுமை வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கொடுக்க வேண்டியவரே அதை உபதேசமாகச் சொல்லலாமா என்பதுதான் கேள்வி.

லோகோ தாத்தா | வெள்ளி, காலை 7.15

சிஸ்டர், ஒன்று தெரிய வேண்டும். அவரிடம் பணம் இல்லாமல் தரவில்லையா, வைத்துக்கொண்டே தரவில்லையா? இரண்டுக்கும் வேறு வேறு பதில்.

கொருக்குப்பேட்டை சிஸ்டர் | வெள்ளி, காலை 7.32

தெரியாது ஐயா. அவர் சொன்னதில்லை. நாங்களும் அப்படி நேராகக் கேட்டதில்லை.

பேஸ் கிட்டார் | வெள்ளி, காலை 9.05

எனக்கு இவ்வளவு பெரிய பிரச்சினை இல்லை. ஆனால் பொறுமை என்றதும் எங்கள் வியாசர்பாடி வாலிபர் கூட்டம்தான் ஞாபகம் வருகிறது. வாலிபர் கூட்டம் என்று பெயர்தான், வருகிற ஒரு தாத்தாவுக்கு எண்பது வயது தாண்டியிருக்கும். சாட்சி சொல்கிற நேரம் வந்தால் முதலில் எழுந்து நிற்பவர் அவர். பின்னி மில்லில் வேலை, 1996இல் மில்லை மூடியது, கையில் ஒன்றுமில்லாமல் புளியந்தோப்பு வழியாக வீட்டுக்கு நடந்து வந்தது, வழியில் ஒரு கடைக்காரர் கூப்பிட்டு டீ கொடுத்தது. ஒவ்வொரு வாரமும் அதே சாட்சி, அதே டீ. இருபது நிமிஷம் போய்விடும். அப்புறம் பாட்டுப் பயிற்சிக்கு நேரம் இருக்காது. பொறுமை பொறுமை என்று எத்தனை நாள்தான் இருப்பது?

சிறுமலர் | வெள்ளி, மதியம் 1.20

தம்பி, நான் ராயபுரம், கத்தோலிக்கம். என் பெயருக்குக் காரணமான புனிதையைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

பிரான்சில் லிசியே நகரத்துக் கார்மல் மடத்தில் பதினைந்து வயதில் சேர்ந்தவர் குழந்தை தெரசாள், அவரைத்தான் சிறுமலர் என்கிறோம். 1897இல், இருபத்து நான்கு வயதில், காசநோயில் இறந்துபோனார். மடம் என்றதும் அமைதி, மெழுகுவர்த்தி என்று நினைத்துக்கொள்கிறோம். அங்கேயும் கூடி வாழ்கிற மனுஷிகள்தானே. தியான நேரத்தில் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு சகோதரி ஓயாமல் ஏதோ ஒரு சின்னச் சத்தம் செய்துகொண்டிருப்பாராம். திரும்பி ஒரு பார்வை பார்த்தால் நின்றுவிடும். அந்த ஒரு பார்வையைப் பார்க்காமல் இருப்பதற்குள் தெரசாளுக்கு வியர்த்துக் கொட்டியது என்று அவரே எழுதியிருக்கிறார். கடைசியில், கேட்காமல் இருக்க முயற்சி செய்வதை விட்டுவிட்டு, அந்தச் சத்தத்தையே நல்ல இசைக் கச்சேரியைக் கேட்கிற மாதிரி கூர்ந்து கேட்க ஆரம்பித்தார். துணி துவைக்கிற இடத்திலும் இப்படி ஒரு கதை உண்டு. எதிரே நின்ற சகோதரி கைக்குட்டைகளைத் தூக்கி அடிக்கும்போதெல்லாம் அழுக்குத் தண்ணீர் இவர் முகத்தில் தெறிக்கும். முகத்தைத் துடைத்துக் காட்டினால் அந்தச் சகோதரிக்குப் புரிந்திருக்கும். இவர் துடைக்கவில்லை.

எனக்கு இதில் முழுச் சம்மதம் என்று சொல்ல மாட்டேன். வண்ணாரப்பேட்டையில் இருந்துகொண்டு "கொஞ்சம் தள்ளி அடிங்கக்கா" என்று சொல்லாமல் யாராவது துவைப்பார்களா? ஆனால் அந்தச் சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்டதைப் பார். அது உங்கள் தாத்தாவுக்குச் சரியாக வரும்.

எங்கள் அன்பியக் கூட்டத்திலும், அதாவது அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற கூட்டத்திலும், அப்படி ஒரு பாட்டி இருந்தார். வேளாங்கண்ணிக்கு நடந்துபோன கதையைத்தான் எப்போதும் சொல்வார். கூட்டத்தை நடத்துகிற அக்கா ஒவ்வொரு தடவையும் நடுவில் ஒரே ஒரு புதுக் கேள்வி கேட்பார். "அன்றைக்கு என்ன கட்டிச்சோறு கொண்டுபோனீங்க பாட்டி?" "செருப்பு பிய்ந்ததா?" பாட்டி யோசிப்பார். ஒரு நாள் புளியோதரை என்றார். இன்னொரு நாள், கூட நடந்து வந்த தங்கச்சியைப் பற்றிச் சொன்னார். அப்படி ஒரு தங்கச்சி இருந்ததே எங்களுக்கு அதுவரை தெரியாது. அந்தத் தங்கச்சி வழியில் காய்ச்சலில் படுத்துவிட்டதும், அவளைத் திண்டிவனத்தில் யார் வீட்டிலோ விட்டுவிட்டுப் பாட்டி மட்டும் மேலே நடந்ததும் அன்றைக்குத்தான் வெளியே வந்தது. அதற்கு அப்புறம் யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

பேஸ் கிட்டார் | வெள்ளி, மதியம் 1.48

சரி ஆன்ட்டி, அந்த டீக்கடைக்காரர் யார் என்று அடுத்த வாரம் கேட்கிறேன். பயிற்சியைக் கூட்டத்துக்கு முன்னாலேயே வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லப்போகிறேன். இரண்டும் தப்பில்லையே?

சிறுமலர் | வெள்ளி, மதியம் 1.51

இரண்டாவதை முதலிலேயே செய்திருக்கலாமே தம்பி.

எருக்கஞ்சேரி மாமா | வெள்ளி, இரவு 8.30

இந்த இழை போகிற திசை எனக்குப் பிடிக்கவில்லை. வேதத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது. 1 கொரிந்தியர் 6:7 எடுத்துப் பாருங்கள். சகோதரனோடு சகோதரன் வழக்காடுவதே குற்றம், அதைவிட அநியாயத்தை ஏன் சகித்துக்கொள்ளக் கூடாது, நஷ்டத்தை ஏன் பொறுத்துக்கொள்ளக் கூடாது என்று பவுல் கேட்கிறார். பணம் இன்றைக்குப் போகும், நாளைக்கு வரும். ஐக்கியம் உடைந்தால் ஒட்டாது. எங்கள் சபையில் ஒரு தேர்தல் சண்டையில் இரண்டாகப் பிரிந்து, இப்போது அண்ணன் ஒரு ஆராதனைக்கும் தம்பி இன்னொரு ஆராதனைக்கும் போகிறார்கள். அம்மா செத்த வீட்டில்கூடப் பேசிக்கொள்ளவில்லை. அதைப் பார்த்தவன் சொல்கிறேன். அந்தச் சகோதரி விட்டுவிட்டால் கர்த்தர் இரட்டிப்பாகத் தருவார்.

வியாசை குமாஸ்தா | வெள்ளி, இரவு 9.10

மாமா, 7ஆம் வசனத்தை எடுத்தீர்கள். மேலே 5ஆம் வசனமும் கீழே 8ஆம் வசனமும் இருக்கின்றனவே. சகோதரருக்குள் உள்ள வழக்கைத் தீர்த்துவைக்க ஒரு விவேகியாவது உங்களுக்குள் இல்லையா என்று முதலில் வெட்கப்படுத்துகிறார். அதாவது சபை உட்கார்ந்து தீர்த்திருக்க வேண்டும். அப்புறம் 8இல் அநியாயம் செய்கிறவன் பக்கம் திரும்பி, "நீங்களே அநியாயஞ்செய்கிறீர்கள், நஷ்டப்படுத்துகிறீர்கள், சகோதரருக்கும் அப்படிச் செய்கிறீர்களே" என்கிறார். மூன்றையும் சேர்த்து வாசித்தால், பாதிக்கப்பட்டவளை மட்டும் உட்கார வைத்துச் சொல்கிற வார்த்தையாக அது தெரியவில்லை.

நான் வக்கீல் இல்லை, ஜார்ஜ் டவுன் பக்கம் வக்கீல் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ரிட்டயர் ஆனவன். தொழில் புத்தியில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1963ஆம் வருஷ காலவரையறைச் சட்டப்படி, பொதுவாகக் கொடுக்கல் வாங்கல் பாக்கிக்கு மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். தாண்டினால் கோர்ட் எடுக்காது. அதற்குள் கொடுக்க வேண்டியவர் "இவ்வளவு பாக்கி உண்டு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், அந்தத் தேதியிலிருந்து மறுபடி மூன்று வருஷம் ஓடும். பேப்பர் இல்லாமல் பொறுமையாக இருக்கச் சொல்வது, தெரிந்தோ தெரியாமலோ, அந்தச் சகோதரியின் உரிமையைக் காலாவதியாக்குகிற காரியம். பதிவில்லாத சீட்டு நடத்துவதே சட்டப்படி தப்பு என்பது வேறு.

வழக்குப் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. எழுதி வாங்குங்கள்.

எருக்கஞ்சேரி மாமா | வெள்ளி, இரவு 9.25

சகோதரனிடம் எழுதி வாங்குவதா? நம்பிக்கை எங்கே போனது?

வியாசை குமாஸ்தா | வெள்ளி, இரவு 9.27

சீட்டு நோட்டில் எழுதி வைத்தாரே, அப்போது எங்கே இருந்ததோ அங்கேதான்.

ஊழியக்காரன் | சனி, அதிகாலை 5.10

கொடுங்கையூரில் சின்ன சபை ஒன்றை நடத்துகிறேன். போதகர் தரப்பிலிருந்தும் யாராவது பேச வேண்டும் என்று வருகிறேன். அந்தப் போதகர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். முப்பது குடும்பம் உள்ள சபையில் இரண்டு குடும்பம் கோபித்துக்கொண்டு போனால், மாத வாடகைக்கே வழி இருக்காது. பயம் வந்தால் "பொறுத்துக்கொள்ளுங்கள்" என்பதுதான் நம் வாயில் முதலில் வரும். அந்த வார்த்தைக்குச் செலவு கிடையாது, சொல்கிறவருக்கு.

மத்தேயு 18இல் கடன்காரன் கதையை எல்லோரும் மன்னிப்புக்காகப் பிரசங்கம் பண்ணுகிறோம். ராஜாவிடம் பதினாயிரம் தாலந்து கடன்பட்டு மன்னிப்புப் பெற்ற ஒருவன், தன்னிடம் நூறு வெள்ளிப்பணம் கடன்பட்ட உடன்வேலைக்காரனை விடாமல் பிடித்த கதை. அதில் "என்னிடத்தில் பொறுமையாயிரும்" என்கிற வார்த்தை இரண்டு தடவை வருகிறது. இரண்டு தடவையும் சொல்கிறவன் கடன்பட்டவன்தான். ஆக, கொடுக்க வேண்டியவர் பொறுமை கேட்கலாமா என்றால், கேட்கலாம், வேதத்திலேயே கேட்டிருக்கிறார்கள். எப்படிக் கேட்டார்கள் என்று பாருங்கள். ஒருவன் தாழ விழுந்து வணங்குகிறான், மற்றவன் காலில் விழுந்து வேண்டிக்கொள்கிறான். இரண்டு பேரும் அதே மூச்சில், "எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்க்கிறேன்" என்று சொல்கிறார்கள். கடனை ஒத்துக்கொண்டு, தருகிறேன் என்று சொல்லி, அப்புறம் அவகாசம் கேட்கிறார்கள். கொடுத்தவனுக்குப் பொறுமையைப் பற்றிப் பாடம் எடுக்கவில்லை.

நூறு வெள்ளிப்பணத்தை அற்பத் தொகை என்று சொல்லிப் பழகிவிட்டோம். திராட்சத்தோட்டக் கதையில் ஒரு நாள் கூலியே ஒரு பணம்தான். அப்படியானால் நூறு நாள் கூலி. இன்றைக்குச் சித்தாள் கூலி 700, 800 என்று வைத்தால் 70,000, 80,000 ஆகிறது. மாவு விற்கிற சகோதரியின் 60,000மும் அந்தக் கணக்குக்குப் பக்கத்தில்தான் வருகிறது. அது பெரிய பணம் என்று ஆண்டவருக்குத் தெரியும், தெரிந்துதான் சொன்னார். பதினாயிரம் தாலந்தோடு வைத்துப் பார்க்கும்போதுதான் அது சின்னதாகிறது.

எருக்கஞ்சேரி மாமா | சனி, காலை 6.45

ஐயா, அந்தக் கதையிலேயே ராஜா முழுக் கடனையும் மன்னித்துவிட்டாரே? அதைத்தானே நானும் சொல்கிறேன்.

ஊழியக்காரன் | சனி, காலை 7.00

ஆமாம், மன்னித்தார். அவருடைய பணம், அவர் மன்னித்தார். அரண்மனையில் நின்ற இன்னொருவன் அவர் சார்பில் மன்னிக்கவில்லை. அந்தச் சகோதரி தானாக விட்டுக்கொடுத்தால் நான் முதல் ஆளாகக் கர்த்தரைத் துதிப்பேன். அவள் பணத்தை நானும் நீங்களும் விட்டுக்கொடுக்க முடியாது.

காசிமேடு ஐஸ்பெட்டி | சனி, காலை 10.30

எங்கள் பக்கம் இதெல்லாம் சாதாரணமாக நடக்கிற விஷயம், அதனால் சொல்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. முன்னால் 45 நாளாக இருந்தது, இப்போது 61. மீன் முட்டை வைக்கிற காலம், தடை நல்லதுதான். ஆனால் அந்த இரண்டு மாதமும் மளிகைக் கடை, வீட்டு வாடகை, ஸ்கூல் சேர்க்கை எல்லாம் கடனில்தான் ஓடும். கடன் கொடுத்தவன் பொறுமையாகத்தான் இருப்பான். ஏன் என்றால் வாங்கினவன், "ஜூன் 15 படகு போகும், ரெண்டாவது நடை மீன் வித்ததும் தரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வாங்குவான். தேதி இருக்கும். அந்த இரண்டு மாதமும் அவன் படகுத் துறையில் உட்கார்ந்து வலை கட்டுவதும் படகுக்குப் பெயின்ட் அடிப்பதும் கொடுத்தவன் கண்ணுக்குத் தெரியும். கர்த்தர் வாசலைத் திறப்பார் என்று எவனாவது சொன்னால் அடுத்த வருஷம் அவனுக்கு யாரும் தர மாட்டார்கள். மாதாவுக்குத் தேர் இழுக்கிற கைதான் எல்லாம், ஆனால் கணக்கு கணக்குதான்.

சும்மா படிக்கிறவன் | சனி, மதியம் 12.15

நான் கிறிஸ்தவன் இல்லை, பெரம்பூர். தப்பாக நினைக்காதீர்கள். பொறுமை என்றால் எங்களுக்கெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்த குறள்தான் முதலில் வரும், தன்னைத் தோண்டுகிறவனையும் தாங்குகிற நிலம் போல இருக்கச் சொல்கிறது. அதைத்தான் இந்தப் போதகரும் சொல்கிறார் போல. எல்லா மதத்திலும் ஒன்றுதான்.

வியாசை குமாஸ்தா | சனி, மதியம் 12.40

நல்ல குறள்தான் தம்பி, மறுப்பில்லை. ஆனால் நிலம் தாங்குவதைப் பார்க்க வேண்டுமானால் கொடுங்கையூர் வந்து பாருங்கள். ஊரே கொட்டுகிற குப்பையை அந்த நிலம் வருஷக்கணக்காகத் தாங்குகிறது. கொட்டுகிற ஊரில் யாரும் அதன் பக்கத்தில் குடியில்லை. புகையைச் சுவாசிக்கிறவர்கள் வேறு ஆட்கள். தாங்குவது பெரிய குணம். தாங்குகிறது என்று தெரிந்ததும் இன்னும் இரண்டு லாரி அனுப்புகிறார்களே, அந்தக் குணத்துக்கு என்ன பெயர் வைப்பது?

லோகோ தாத்தா | சனி, மாலை 4.20

அப்போஸ்தலர் 6 பாருங்கள். எருசலேம் சபை அப்போதுதான் பெருகிக்கொண்டிருந்தது. கிரேக்கு பேசுகிற விதவைகளுக்குத் தினசரிப் பந்தியில் சரியாகக் கிடைக்கவில்லை என்று முறுமுறுப்பு எழுந்தது. முறுமுறுப்பு பாவம், பொறுமையாயிருங்கள் என்று அப்போஸ்தலர் பன்னிரண்டு பேரும் சொல்லியிருக்கலாம். வனாந்தரத்தில் முறுமுறுத்தவர்கள் கதையை எடுத்து ஒரு செய்தியே கொடுத்திருக்கலாம்! சபையைக் கூட்டி ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர். யாருக்குக் குறை இருந்ததோ அவர்கள் பக்கத்து ஆட்கள் கையிலேயே பந்தியைக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த வசனங்களில் சபை இன்னும் பெருகிற்று என்றுதான் இருக்கிறது, உடைந்தது என்று இல்லை.

யாக்கோபும் அப்படித்தான். பயிரிடுகிறவன் முன்மாரிக்கும் பின்மாரிக்கும் காத்திருக்கிற வசனத்தை, 5:7ஐ, எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரியும். அதே அதிகாரம் 4ஆம் வசனத்தில், வேலைக்காரருக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று இருக்கிறது. முதலில் பிடித்துவைத்தவனை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, அப்புறம்தான் இந்தப் பக்கம் திரும்பி, சகோதரரே, பொறுமையாயிருங்கள் என்கிறார். வரிசை முக்கியம். ரயில்வேயில் முப்பத்தைந்து வருஷம் யூனியனில் இருந்தவனுக்கு இது உடனே கண்ணில் படும்.

வியாசை குமாஸ்தா | சனி, மாலை 5.05

தாத்தா சொன்ன வரிசையைப் பற்றி ஒன்று. எங்கள் ஆட்கள், தலித் கிறிஸ்தவர்கள், 1950இலிருந்து பொறுமையாக இருக்கிறார்கள். அந்த வருஷம் வந்த ஜனாதிபதி ஆணை, தாழ்த்தப்பட்ட சாதி அந்தஸ்து இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவனாகிப்போன தலித் இன்னும் வெளியேதான் நிற்கிறான். 2022இல் இதைப் பார்க்க ஒரு ஆணையம் போட்டார்கள். வெளியே இப்படி என்றால், உள்ளே சில ஊர்களில் கல்லறைக்கே தனிச் சுவர். அங்கேயும் மேடையிலிருந்து கேட்பது "பொறுத்துக்கொள்ளுங்கள்"தான்.

நெறியாளர் | சனி, மாலை 5.30

குமாஸ்தா ஐயா சொன்னது பெரிய விஷயம், அதற்குத் தனி இழை திறக்கிறேன், அங்கே தொடருங்கள். இங்கே சீட்டு விஷயமும் ஐக்கியமும் மட்டும்.

சிறுமலர் | சனி, இரவு 9.40

யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்லட்டுமா? இரண்டு நாளாக நாம் எல்லோரும் ஒரு மனுஷனைப் பற்றி அவர் இல்லாத இடத்தில் பேசிக்கொண்டிருக்கிறோம். பெயர் போடவில்லை, சரி. ஆனால் கொருக்குப்பேட்டை, வியாழக்கிழமை, பாட்டு நடத்துகிறவர், சீட்டு. அந்தத் தெருவில் யாராவது இதைப் படித்தால் ஆள் யார் என்று தெரியாதா?

ஜெர்மனியில் ஹிட்லர் காலத்தில் போன்ஹோஃபர் என்கிற லுத்தரன் போதகர், ஃபிங்கன்வால்ட் என்ற இடத்தில் இளம் போதகர்களுக்கு ஒரு பயிற்சி வீடு நடத்தினார். அங்கே ஒரு சட்டம் வைத்திருந்தார். கூட இருக்கிற ஒருவனைப் பற்றி அவன் இல்லாதபோது பேசக் கூடாது, பேசிவிட்டால் பிற்பாடு போய் அவனிடமே சொல்லிவிட வேண்டும். அவரைப் பின்னால் 1945இல் தூக்கில் போட்டார்கள். அநியாயத்தைப் பார்த்து வாய்மூடி இருந்தவர் இல்லை. அப்படிப்பட்டவர்தான் தன் வீட்டுக்குள் இந்தச் சட்டத்தை வைத்தார்.

எங்கள் பக்கத்தில் "ஜெபத்துக்காக மட்டும் சொல்கிறேன்" என்று ஆரம்பித்தால் அடுத்து வருவது முழு ஊர்வம்புதான். உங்கள் பக்கத்திலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

பேஸ் கிட்டார் | சனி, இரவு 9.44

அதே அதே. "பாரத்தோடு ஜெபியுங்கள்" என்று வாட்ஸப் குரூப்பில் வந்தால் யார் வீட்டிலோ கல்யாணம் நின்றுவிட்டது என்று அர்த்தம்.

கொருக்குப்பேட்டை சிஸ்டர் | ஞாயிறு, மதியம் 2.10

சிறுமலர் அக்கா சொன்னது தைத்தது. நெறியாளரிடம் சொல்லி ஒரு மாற்றம் கேட்டேன்: பேட்டையும் கிழமையும் உண்மையானவை இல்லை, ஆரம்பத்திலிருந்தே மாற்றித்தான் எழுதினேன் என்று இங்கே பதிவு செய்யச் சொன்னார். அதனால் யாரும் தெருவில் போய்த் தேட வேண்டாம். ஆனால் அவர் இல்லாமல் பேசினது பேசினதுதானே. ஊழியக்காரன் ஐயாவும் தனிச்செய்தியில், மத்தேயு 18:15இல் முதல் படி "தனித்திருக்கையில்" என்றுதான் இருக்கிறது, அதைத் தாண்டி யாரும் நேராகச் சபைக்குப் போக முடியாது என்று எழுதினார். அந்தச் சகோதரியிடமும் இந்த இழையைக் காட்டினேன்.

இன்று ஆராதனை முடிந்ததும் அவரும் நானும் போய் அந்தப் பிரதரைத் தனியாகப் பார்த்தோம். அவர் மனைவியும் இருந்தார். லோகோ தாத்தா முதல் நாள் கேட்ட கேள்வியைத்தான் முதலில் கேட்டேன்: அண்ணா, பணம் இல்லையா, இருந்தும் தரலையா?

கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் அவர் மனைவிதான் சொன்னார். ஆரம்பத்திலேயே சீட்டை எடுத்த இரண்டு பேர், ஐக்கியத்துக்கு வெளியே உள்ளவர்கள், பாதியில் கட்டுவதை நிறுத்திவிட்டு வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்களாம். சில மாதங்கள் இவரே கைக்காசு போட்டுச் சமாளித்திருக்கிறார், மனைவியின் வளையல் அடகில் இருக்கிறது. பாட்டு நடத்துகிறவன் ஏமாந்துபோனேன் என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லவில்லை. வசனத்தைச் சொல்லிக்கொண்டே நாளைக் கடத்தியிருக்கிறார்.

எனக்குப் பாதிக் கோபம் போய்விட்டது, பாதி அப்படியே இருக்கிறது. அந்தச் சகோதரி சொன்னதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா நான் காத்திருந்திருப்பேனே அண்ணா. என்னைப் பொறுமையில்லாதவள் மாதிரி எல்லார் முன்னாடியும் ஆக்கிட்டீங்களே" என்றார். பணத்தைவிட அதுதான் அவருக்குப் பெரிதாக இருந்திருக்கிறது.

காசிமேடு ஐஸ்பெட்டி | ஞாயிறு, மதியம் 2.35

தேதி சொன்னாரா?

கொருக்குப்பேட்டை சிஸ்டர் | ஞாயிறு, மதியம் 2.41

மாதம் 5,000, பத்தாம் தேதிக்குள், பன்னிரண்டு மாதம். எழுதித் தரச் சம்மதித்தார். அந்தச் சகோதரி ஒரே ஒரு நிபந்தனை போட்டார், போதகர் முன்னால் அவர் வாயாலேயே "நான் கொடுக்க வேண்டும்" என்று சொல்ல வேண்டும். பாட்டு நடத்துவதை நிறுத்தச் சொல்லட்டுமா என்று நான் கேட்டேன், வேண்டாம் என்றுவிட்டார். "நல்லா பாடுவாருக்கா" என்கிறார்!

எருக்கஞ்சேரி மாமா | ஞாயிறு, மாலை 6.15

சந்தோஷம். நான் விட்டுக்கொடுக்கச் சொன்னதை இப்போதும் தப்பு என்று நினைக்கவில்லை, ஆனால் நீங்கள் இரண்டு பேரும் போய்ப் பேசியதைத் தப்பு என்றும் சொல்ல மாட்டேன். ஒரு ஆலோசனை மட்டும். ஒரு வருஷத் தாமதத்துக்கு வட்டி என்று எதையும் அந்தப் பேப்பரில் எழுத வேண்டாம். யாத்திராகமம் 22:25, சிறுமைப்பட்டவனிடம் வட்டி வாங்காதே.

பேஸ் கிட்டார் | ஞாயிறு, மாலை 6.22

மாமா, இங்கே சிறுமைப்பட்டது யார்? அநியாயமாக வாங்கினதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்ற சகேயு கணக்குப்படி பார்த்தால் 2,40,000 தர வேண்டும்!

ஊழியக்காரன் | ஞாயிறு, மாலை 6.50

சகேயு தானாகச் சொன்னது தம்பி, இயேசு கேட்டு வாங்கவில்லை. வட்டி வேண்டுமா வேண்டாமா என்பதையும் அந்தச் சகோதரியே சொல்லட்டும். நாம் ஏன் இங்கே உட்கார்ந்து முடிவு பண்ணுகிறோம்?

வியாசை குமாஸ்தா | ஞாயிறு, இரவு 7.30

சிஸ்டர், எழுதும்போது இவற்றைக் கவனியுங்கள். சீட்டு என்ற வார்த்தையை வைத்து எப்படி எழுதுவது என்பதை ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டுச் செய்வது நல்லது, பெரிய ஃபீஸ் ஆகாது. தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுங்கள். தேதி, இரண்டு பேர் முகவரி, தவணை விவரம் வேண்டும். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன் மேலேயே குறுக்காகக் கையெழுத்து. சாட்சிக்கு இரண்டு பேர், அதில் ஒருவர் அந்தப் போதகராகவே இருக்கட்டும். ஒவ்வொரு தவணை வாங்கும்போதும் அந்தச் சகோதரி ரசீது கொடுக்க வேண்டும், கொடுத்தவருக்கும் பாதுகாப்பு வேண்டும் இல்லையா. ஒரு காப்பி அவர் மனைவி கையில் கொடுங்கள், வளையலை வைத்தவர் அவர்தானே.